அட்டையைக் கழற்றிவிட்டால் பாடம் மாறுமா? தொடக்கநிலைச் சமூக அறிவியலில் மையக் கேள்வியை வைத்து அலகைத் திட்டமிடுதல்

தொடக்க வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் அலகு ஒன்றைத் திட்டமிட உட்காரும் ஆசிரியரின் முன் முதலில் வந்து நிற்பது பாடநூலின் பொருளடக்கம்தான். சுற்றுப்புறம், தொழில்கள், போக்குவரத்து, உள்ளாட்சி என்று தலைப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை பாடவேளை என்று பிரித்துக்கொண்டால் திட்டம் முடிந்ததுபோலத் தோன்றும். அலகு முழுவதையும் ஒரே பெரிய கேள்வியைச் சுற்றி அமைப்பது, அதாவது மையக் கேள்வி என்ற கருத்து, ஆசிரியர் பயிற்சிகளில் பரவிய பிறகும் இந்த வழக்கம் அதிகம் மாறிவிடவில்லை. அதே பாடவேளைகளுக்கு மேலே ஒரு கேள்வி வந்து அமர்ந்துகொண்டது, அவ்வளவுதான். வண்ண அட்டையில் எழுதிக் கரும்பலகைக்கு மேல் ஒட்டப்பட்ட அந்தக் கேள்வியை முதல் நாள் எல்லோரும் சேர்ந்து உரக்க வாசிக்கிறார்கள். அலகு முடியும் நாள்வரை அதை ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஆகவே, ஓர் அலகு உண்மையிலேயே கேள்வியைச் சுற்றித் திட்டமிடப்பட்டதா என்பதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று போதும். அந்த அட்டையைக் கழற்றிவிட்டால் மூன்றாம் நாள் பாடம் எந்த வகையிலாவது மாறுமா? மாறாது என்றால், கேள்வி எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் அது அலங்காரம்தான். கேள்வியின் சொல்லமைப்பைச் செதுக்குவதில் செலவாகும் நேரத்தில் பாதியையாவது, அந்தக் கேள்விக்கும் அன்றாடப் பாடவேளைக்கும் இடையே உள்ள இணைப்பில் செலவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சிந்தனைக்கு நெடிய பின்னணி உண்டு. கல்வி எந்த நோக்கங்களை அடைய வேண்டும், அதற்கு எந்த அனுபவங்களைத் தர வேண்டும், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்த வேண்டும், நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது என்று நான்கு கேள்விகளை 1949-இல் அமெரிக்கக் கல்வியியலாளர் ரால்ஃப் டைலர் முன்வைத்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1998-இல், அமெரிக்கக் கல்வியாளர்களான கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டைகும் அந்த வரிசையை இன்னும் கறாராக்கினார்கள். மாணவர் எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் முடிவு செய். புரிந்துகொண்டார் என்பதற்கு எது சான்றாகும் என்பதை அடுத்து முடிவு செய். வகுப்பில் என்ன செய்வது என்பதைக் கடைசியில் யோசி. பின்னோக்கித் திட்டமிடல் என்று இன்று வழங்கப்படுவது இதுதான். வழக்கமான திட்டமிடலின் இரட்டைப் பிழைகள் என்று அவர்கள் சுட்டியவற்றில் ஒன்று, நோக்கமில்லாமல் செயல்பாடுகளை அடுக்குவது. மற்றொன்று, பாடநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஓட்டி முடிப்பது. தொடக்க வகுப்புகளில் முதல் பிழையும் உயர் வகுப்புகளில் இரண்டாவதும் மிகுதி. களிமண்ணில் கோட்டை கட்டுவது, மாறுவேடம் போடுவது, வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது எல்லாம் குழந்தைகளுக்குப் பிடித்தவைதான். ஆனால் கோட்டை கட்டிய குழந்தையிடம் ‘கோட்டை ஏன் குன்றின்மேல் இருக்கிறது?’ என்று கேட்டால், ‘படத்தில் அப்படித்தான் இருந்தது’ என்று பதில் வருமானால், ஒரு வாரம் களிமண்ணோடு போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

சமூக அறிவியலுக்கென்றே இந்த அணுகுமுறையை வகுத்த ஆவணம், அமெரிக்காவின் தேசியச் சமூக அறிவியல் பாட மன்றம் 2013-இல் வெளியிட்ட சட்டகம். குடிமையியல், பொருளியல், புவியியல், வரலாறு ஆகிய நான்கு துறைகளையும் விசாரணை என்ற ஒரே கயிற்றில் அது கோத்தது. கேள்விகளை உருவாக்கி விசாரணையைத் திட்டமிடுதல், துறைக்குரிய கருத்துகளையும் கருவிகளையும் பயன்படுத்துதல், சான்றுகளை எடைபோட்டுக் கையாளுதல், முடிவை எடுத்துரைத்துத் தெளிந்த செயலில் இறங்குதல் என நான்கு பரிமாணங்களை அது வகுத்தது. பெரிய கேள்வி ஒன்று, அதற்குப் படிக்கட்டாக அமையும் துணைக் கேள்விகள் சில என்ற பிரிவும் அதில் இருக்கிறது. திட்டமிடும் ஆசிரியருக்கு மிகவும் உதவுவது இந்தப் பிரிவுதான். அதைப் பின்னர் பார்ப்போம்.

ஆனால், ஒரு கேள்வி ஆண்டு முழுவதற்குமான பாடத்தையே தாங்க முடியும் என்பதைக் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு இவற்றுக்கெல்லாம் முந்தியது. 1960-களில், பத்துப் பதினோரு வயதுக் குழந்தைகளுக்கான சமூக அறிவியல் பாடம் ஒன்றை உளவியலாளர் ஜெரோம் புரூனரின் வழிகாட்டுதலில் ஒரு குழு அமெரிக்காவில் உருவாக்கியது. மனிதரிடம் மனிதத்தன்மை என்று சொல்லத்தக்கது எது? அதை அவர்கள் எப்படி அடைந்தார்கள்? அதை இன்னும் எப்படி வளர்க்கலாம்? பாடம் முழுவதும் இந்த மூன்று கேள்விகளின்மேல்தான் நின்றது. முதலில் வந்தது மனிதரல்ல, சால்மன் மீன். முட்டை பொரிவதற்கு முன்பே தாயும் தந்தையும் இறந்துவிடுவதால் குஞ்சுக்குக் கற்றுத்தர யாருமில்லை. அடுத்து, குஞ்சுக்கு இரை ஊட்டி வளர்க்கும் ஹெரிங் கடற்காகம். அதன்பின், கூட்டமாக வாழ்ந்து ஒன்றையொன்று பார்த்துக் கற்கும் பபூன் குரங்கு. கடைசியில் வட துருவப் பகுதியில் வாழ்ந்த நெட்சிலிக் மக்களின் வேட்டை, கருவிகள், குடும்பம், நம்பிக்கைகள். ஒவ்வொரு படியிலும் ‘இதற்கு இல்லாத எது மனிதருக்கு இருக்கிறது?’ என்ற கேள்வி குழந்தையின் மனத்தில் தானாகவே எழும். சால்மனை இடம் மாற்றிக் கடைசியில் வைத்தால் பாடம் குலைந்துவிடும். பாடப்பொருளின் வரிசையையே கேள்வி தீர்மானித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அந்தப் பாடத்திட்டத்தின் முடிவும் கவனிக்கத்தக்கது. கடுமையான சூழலில் வாழ்ந்த ஒரு மக்களின் வழக்கங்களைச் சிறுவர்களுக்குக் காட்டுவது தகுமா என்ற எதிர்ப்பு வளர்ந்து, 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவாதமாக வெடித்தது. அரசின் நிதி ஆதரவு விலகியது, பாடமும் மெல்ல மறைந்தது. உண்மையிலேயே திறந்த கேள்வி, வீட்டுக்கும் போகும். பெற்றோரிடம் முன்கூட்டியே பேசுவதும் திட்டமிடலின் ஒரு பகுதி என்பதை அந்த அனுபவம் உணர்த்துகிறது.

சரி, எந்தக் கேள்வி தாங்கும், எது தாங்காது? ‘உள்ளாட்சி என்றால் என்ன?’ என்பது வரையறை கேட்கும் கேள்வி. ஒரு வரியில் முடிந்துவிடும். ‘அதிகாரம் மனிதரை எவ்வாறு மாற்றுகிறது?’ என்பது நல்ல கேள்விதான், ஆனால் எட்டு வயதுக் குழந்தையின் கைக்குள் அடங்காது. இவை இரண்டும் எளிதில் கண்ணில் படும் குறைகள். எளிதில் கண்ணில் படாமல், எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கும் குறை வேறொன்று: விடையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்வி. ‘நாம் ஏன் சுற்றுச்சூழலைப் பாதுகாக்க வேண்டும்?’, ‘ஒற்றுமை ஏன் முக்கியம்?’, ‘சட்டத்தை நாம் ஏன் மதிக்க வேண்டும்?’ என்பவை வினாக்குறி போட்ட அறிவுரைகள். வேண்டுமா வேண்டாமா என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. காரணங்களை அடுக்குவது மட்டுமே மாணவருக்கு மிச்சம். குழந்தைகள் இதை நொடியில் கண்டுகொள்வார்கள். ஆசிரியரின் முகத்தைப் பார்த்து, அவர் எதிர்பார்க்கும் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்வார்கள். அதே பொருளை ‘ஒரு விதி நியாயமானது என்று எப்படிச் சொல்வது?’ என்று கேட்டுப் பாருங்கள். வரிசையில் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதி நியாயமா? கால் ஊன்றி நடக்க முடியாத குழந்தை எப்போதும் கடைசியாகத்தான் வரும் என்றால் அப்போதும் நியாயமா? இங்கே விடை ஆசிரியரின் முகத்தில் இல்லை. யோசித்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வியில் உள்ள சொற்கள் குழந்தை வீட்டில் பேசும் சொற்களாக இருக்க வேண்டும். ஆனால் அவற்றில் ஒரு சொல்லாவது எளிதில் அளந்து முடிக்க முடியாததாக இருக்க வேண்டும். நியாயம், தேவை, சொந்தம், நல்லது, மாற்றம் போன்றவை அத்தகைய சொற்கள். ஐந்து வயதுக் குழந்தையும் ‘இது நியாயமே இல்லை’ என்று அழும். அறுபது வயதிலும் அந்தச் சொல்லின் எல்லை தெளிவாகியிருக்காது.

ஓர் அலகை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பு. பாடநூலில் ‘அன்றும் இன்றும்’ என்பது போன்ற ஒரு தலைப்பு. கையில் சுமார் பதினைந்து பாடவேளைகள். மையக் கேள்வி இது: ‘ஓர் இடம் மாறும்போது, அந்த மாற்றம் யாருக்கு நல்லதாக அமைகிறது?’

இங்கேயே செயல்பாடுகளுக்குத் தாவிவிடாமல், கடைசி நாளன்று குழந்தை எழுதப்போகும் பத்தியை ஆசிரியர் தாமே முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். மூன்று விதமான பத்திகளை எழுதிப் பார்ப்பது இன்னும் நல்லது. முதலாவது: ‘முன்பு சாலை இல்லை. இப்போது சாலை வந்துவிட்டது. மாற்றம் நல்லது.’ இரண்டாவது: ‘சாலை வந்ததால் கடைக்காரருக்கு நல்லது, ஆனால் மரத்தடியில் விளையாடியவர்களுக்கு நல்லதல்ல.’ மூன்றாவது: ‘பழைய வரைபடத்தில் குளம் இருக்கும் இடத்தில் புதிய வரைபடத்தில் பேருந்து நிலையம் இருக்கிறது. தூரத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது உதவியாக இருக்கிறது என்று பேட்டியில் இருவர் சொன்னார்கள். குளத்தில் மீன் பிடித்தவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை, அவர்களை நாங்கள் கேட்கவில்லை.’ முதல் பத்தியில் தகவல் இருக்கிறது, சிந்தனை இல்லை. இரண்டாவதில் ஒன்றுக்கு மேற்பட்டோரின் நிலையை எண்ணிப் பார்க்கும் திறன் வந்துவிட்டது. மூன்றாவதில் சான்றும் இருக்கிறது, அந்தச் சான்று எங்கே போதவில்லை என்ற அறிவும் இருக்கிறது. ஒன்பது வயதில் அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும் குழந்தை வரலாற்றாசிரியரின் வேலையைத் தொடங்கிவிட்டது என்றே சொல்வேன். இந்த மூன்று பத்திகளையும் அருகருகே வைத்தாலே மதிப்பீட்டு அளவுகோல் பெரும்பாலும் தயாராகிவிடும்; கட்டம் போட்ட அட்டவணையை அதற்குப் பின்னர் நிரப்பிக்கொள்ளலாம்.

மூன்றாவது பத்தியை ஒரு குழந்தை எழுத வேண்டுமென்றால் அதற்கு என்னென்ன கிடைத்திருக்க வேண்டும்? இரண்டு காலத்து வரைபடங்களை ஒப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். யாரையாவது பேட்டி கண்டிருக்க வேண்டும். ஒருவர் சொன்னது வேறு, எல்லோருக்கும் பொருந்துவது வேறு என்பது புலப்பட்டிருக்க வேண்டும். துணைக் கேள்விகள் இங்கிருந்துதான் பிறக்கின்றன: இங்கே என்ன மாறியிருக்கிறது, அது நமக்கு எப்படித் தெரியும்? இந்த மாற்றத்தை யார் முடிவு செய்தார்கள்? யாருக்கு எது கிடைத்தது, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்? முதலாவது புவியியலையும் வரலாற்றையும் தொடுகிறது, இரண்டாவது குடிமையியல், மூன்றாவது பொருளியல். உள்ளாட்சி பற்றிய பாடநூல் பக்கங்கள் இரண்டாவது கேள்விக்கு விடைதேடும்போது தாமாகவே தேவைப்படும். ‘இதை யார் முடிவு செய்தார்கள்?’ என்று கேட்டுவிட்ட குழந்தைக்கு உள்ளாட்சி மன்றம் என்ற சொல் ஒரு விடையாக வந்து சேர்கிறது, மனப்பாடம் செய்ய வேண்டிய வரையறையாக அல்ல. தகவல் வேண்டாம் என்று மையக் கேள்வி சொல்வதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தகவல் எந்த வேளையில் வர வேண்டும் என்பதையே அது மாற்றுகிறது.

இரண்டு வரைபடங்களை ஒப்பிடும் அந்த ஒரு பாடவேளையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மேசையில் விரித்தால் குழந்தைகள் வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டில் இறங்கிவிடுவார்கள்; எத்தனை வித்தியாசம் என்ற எண்ணிக்கையே குறியாகிவிடும். அதனால் பழைய வரைபடத்தை மட்டும் முதலில் கொடுத்து, ‘நீ இங்கே வசித்தால் தண்ணீருக்கு எங்கே போவாய், வேலைக்கு எந்த வழியாகப் போவாய், விரலை வைத்துக் காட்டு’ என்று பத்து நிமிடம் அந்தக் காலத்தில் வாழவிட வேண்டும். அதன்பின் புதிய வரைபடத்தை நீட்டி, அதே வழியை மறுபடி விரலால் நடக்கச் சொல்ல வேண்டும். விரல் ஓரிடத்தில் நின்றுவிடும்; வழி மறைந்திருக்கும், அல்லது குளம் இருந்த இடத்தில் வேறேதாவது இருக்கும். ‘இப்போது தண்ணீருக்கு எங்கே போவார்கள்?’ என்று ஒரு குழந்தை கேட்கும் அந்தக் கணத்தில் மையக் கேள்வி அட்டையிலிருந்து இறங்கி மேசைக்கு வந்துவிடுகிறது. வரைபடக் குறியீடுகளையும் அளவுத்திட்டத்தையும் கற்பிக்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கேள்வி இல்லாத வகுப்பில் இதே இரண்டு வரைபடங்கள் ‘குறியீடுகளை அறிவோம்’ என்ற பயிற்சித்தாளாக முடிந்திருக்கும்.

குழந்தைகள் தாமாகக் கேட்கும் கேள்விகளுக்கும் திட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர்களான டான் ரோத்ஸ்டைனும் லூஸ் சந்தானாவும் 2011-இல் விளக்கிய முறை ஒன்று இதற்கு ஏற்றது. ஒரு படத்தையோ வாக்கியத்தையோ முன்வைத்து, முடிந்தவரை பல கேள்விகளை எழுப்பச் சொல்ல வேண்டும். இடையில் நின்று விடை சொல்லவோ விவாதிக்கவோ, இது நல்ல கேள்வி இது மோசம் என்று தீர்ப்பளிக்கவோ கூடாது. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். கூற்றாக வந்ததைக் கேள்வியாக மாற்ற வேண்டும். தீர்ப்பளிக்கக் கூடாது என்ற இரண்டாவது விதிதான் ஆசிரியருக்குக் கடினம். ‘நல்ல கேள்வி!’ என்ற பாராட்டு வாய் நுனியில் காத்திருக்கும். அது வெளியே வந்தவுடன் மற்ற குழந்தைகள் அதே சாயலில் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

காத்திருப்பதும் அப்படித்தான். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடி அளவே விடைக்குக் காத்திருக்கிறார் என்பதை கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் கண்டறிந்து 1970-களில் வெளியிட்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாத குழந்தைகளும் பேசினர். விடை தயாராக இருக்கும் கேள்விக்கு ஒரு விநாடி போதும். ‘யாருக்கு நல்லது?’ என்ற கேள்விக்குப் போதாது. கேள்வியை மாற்றிவிட்டு வகுப்பின் வேகத்தை மாற்றாமல் விட்டால், முதலில் கை தூக்கும் அதே நான்கு பேர்தான் அலகு முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தொடக்க வகுப்புப் பாடத்திட்டங்கள் பல, குடும்பம், பள்ளி, சுற்றுப்புறம், நகரம், நாடு, உலகம் என்று விரியும் வட்டங்களாக அமைக்கப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கல்வியியலாளர் பால் ஹன்னா வலுவாக முன்வைத்த அமைப்பு இது. அருகில் உள்ளது எளிது, தொலைவில் உள்ளது கடினம் என்ற அனுமானம் அதன் அடியில் இருக்கிறது. அந்த அனுமானத்தில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. தன் வீட்டருகே உள்ள நகராட்சி அலுவலகத்தைவிட, தொலைதூரத்துப் பனிவீட்டைப் பற்றி ஆறு வயதுக் குழந்தைக்கு அதிகம் கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் ஆசிரியர் அந்த அமைப்போடு சண்டை போட வேண்டியதில்லை. ஒரே மையக் கேள்வியைச் சுற்றுப்புறத்தில் தொடங்கி, பின்னர் தொலைவிலுள்ள இன்னோர் இடத்துக்கும் அடுத்த வகுப்பில் இன்னொரு காலத்துக்கும் எடுத்துச் செல்லலாம்; ஒரு கருத்துக்கு மறுபடி மறுபடி, ஒவ்வொரு முறையும் ஆழமாகத் திரும்பி வரும் சுருள்வடிவப் பாடத்திட்டம் என்று புரூனர் 1960-இல் சொன்னதற்கு இது ஒத்துப்போகும்.

அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு ஒன்றையும் விலக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பாடவேளையும் விசாரணையாக அமைய முடியாது. பதினைந்தில் நான்கைந்து வேளைகள் நேரடியாகச் சொல்லிக் கொடுப்பதிலும், வாசிப்பதிலும், சொற்களைப் பழகுவதிலும் போகும், போகத்தான் வேண்டும். பேட்டிக்கான கேள்விகளை எழுதத் தெரியாத குழந்தைகளைப் பேட்டிக்கு அனுப்பினால் ‘உங்கள் பெயர் என்ன, உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன’ என்ற விடைகளோடு திரும்பி வருவார்கள். அதற்குக் குழந்தைகளைக் குறை சொல்ல முடியாது.

மாற்றம் பற்றிய கேள்விக்கே உரிய சிக்கலும் உண்டு. வீட்டை இழந்து இடம்பெயர்ந்த குடும்பத்தின் குழந்தை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். யாருக்கு நல்லது என்ற விவாதம் அந்தக் குழந்தைக்குப் பாடமாக இருக்காது. ஆகவே முதல் எடுத்துக்காட்டைச் சற்றுத் தள்ளியிருக்கும் இடத்திலிருந்தோ பழைய காலத்திலிருந்தோ எடுப்பது நல்லது. தன் வீட்டுக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்தக் குழந்தையே முடிவு செய்யட்டும்.

முதல் நாள் மையக் கேள்விக்கு ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் ஒரு விடை எழுதி உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். வாரம் ஒருமுறை, பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடங்களில், ‘இந்த வாரம் பார்த்ததில் எது உன் விடையை அசைத்தது?’ என்று எழுதச் சொல்லலாம். கற்றல் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு அதுவே போதும். கடைசிப் பத்தியை எழுதி முடித்த பிறகு உறையைத் திறந்து, இரண்டு தாள்களையும் குழந்தை தானே அருகருகே வைத்துப் பார்க்கட்டும். இரண்டிலும் ஒரே விடை இருந்தாலும் தவறில்லை. இரண்டாவதில் ‘ஏனென்றால்’ என்ற சொல்லுக்குப் பின் என்ன வந்திருக்கிறது என்பதையே ஆசிரியர் பார்க்க வேண்டும். சான்று எதுவும் வராத தாள்கள் வகுப்பில் பாதிக்கு மேல் இருந்தால், அடுத்த ஆண்டுக்குத் திருத்த வேண்டியது கேள்வியின் சொற்களை அல்ல. இரண்டாம் வாரத்துப் பாடவேளைகளை.